"இரண்டாவது ஆருக்கு மோனை?"

கேள்வி: 2024 ஜனாதிபதித் தேர்தலில் தமிழ்ப் பொது வேட்பாளரின் சங்குச் சின்னத்துக்கு வாக்களித்தேன். சித்தப்பா, இன்னொரு வேட்பாளரான சஜித் பிரேமதாசவுக்குப் போட்டவர். "வெல்ல ஏலாதவனுக்குப் போட்டு வோட்டைக் குப்பையில கொட்டினதுமில்லாமல் சஜித்தையும் தோற்கடிச்சிட்டியள்" என்று கலியாண வீடொன்றில் எல்லோருக்கும் முன்னால் சொன்னார். அன்றிலிருந்து நான் அவர் வீட்டுப் படி ஏறவில்லை. அம்மா என் பேச்சைக் கேட்டுச் சங்குக்குத்தான் போட்டார். வாக்குச்சாவடிக்குப் போகும் வழியில் "இரண்டாவது ஆருக்கு மோனை?" என்று கேட்டார். "அதெல்லாம் தேவையில்லை, ஒண்டைப் போட்டிட்டு வாங்கோ" என்றேன். அடுத்த முறை நான் என் கொள்கைக்கு வாக்களிப்பதா, வெல்லக்கூடியவருக்கு வாக்களிப்பதா?
– வாசகர், கிளிநொச்சி

பதில்: தம்பி, ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும் இந்தக் கேள்வி வருகிறது. ஊர் மாறும், கட்சி மாறும், சண்டை பிடித்த உறவின் முறை மாறும். கேள்வி மாறுவதில்லை. நீங்கள் கொள்கையில் உறுதியானவர் என்று நான் பாராட்டுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். அதற்கு முன் பேச வேண்டியது வேறொன்று இருக்கிறது. கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரியாக எழுதிவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறீர்களே, அம்மா கேட்ட கேள்வி, அது.

உங்கள் வீட்டில் அந்தத் தேர்தலைப் பற்றிக் கேட்க வேண்டிய ஒரே கேள்வியைக் கேட்டவர் அவர்தான். சித்தப்பாவும் அதைக் கேட்கவில்லை, நீங்களும் கேட்கவில்லை. அவரை நீங்கள் வாயடைத்துவிட்டீர்கள். வாக்குச்சீட்டில் மூன்று இலக்கம் எழுதும் உரிமை அவருக்கு இருந்தது. அதில் இரண்டை வெறுமையாக விட்டுவிட்டு வரச் சொன்னீர்கள். ஏன் தேவையில்லை என்று விளங்கப்படுத்தவும் இல்லை. உங்களுக்கே அது தெரிந்திருக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

இலங்கையின் ஜனாதிபதித் தேர்தல் இந்தியாவின் மக்களவைத் தேர்தல் போன்றதோ பிரித்தானியப் பொதுத் தேர்தல் போன்றதோ அல்ல. அங்கெல்லாம் ஒருவருக்கு ஒரு வாக்கு, அதிகம் எடுத்தவர் வென்றார், கதை முடிந்தது. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு புளோரிடா மாநிலத்தில் ஜோர்ஜ் புஷ் அல் கோரை 537 வாக்குகளால் வென்றார். அதே மாநிலத்தில் மூன்றாமவரான ரால்ஃப் நேடர் 97,000க்கு மேல் எடுத்திருந்தார். நேடருக்குப் போட்டவர்கள், "இவர் வெல்லாவிட்டால் அல் கோருக்கு" என்று எழுத அந்தச் சீட்டில் இடமே இருக்கவில்லை. கொள்கையா, வெல்லக்கூடியவரா என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியவர்கள் அவர்கள். உங்கள் சீட்டில் இடம் இருந்தது. 1981 முதல் சட்டத்தில் இருக்கிறது.

எண்ணும் முறையைச் சொல்கிறேன், நிதானமாக வாசியுங்கள். முதலில் எல்லாச் சீட்டுகளிலும் 1 மட்டும் எண்ணப்படும். செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல் ஒருவர் எடுத்துவிட்டால் அவரே ஜனாதிபதி, மற்ற இலக்கங்களை எவரும் பார்ப்பதில்லை. எவரும் பாதியைத் தாண்டாவிட்டால் முதல் இருவரைத் தவிர மற்ற எல்லோரும் நீக்கப்படுவர். நீக்கப்பட்டவர்களின் சீட்டுகள் மட்டும் மறுபடி எடுக்கப்படும். அதில் 2 அந்த இருவரில் ஒருவருக்கு இருந்தால் வாக்கு அவருக்குப் போகும். 2 இன்னொரு நீக்கப்பட்டவருக்கு இருந்தால் 3 பார்க்கப்படும். அதுவும் இல்லையென்றால் சீட்டு அத்தோடு ஓய்ந்துவிடும். முதல் இருவரின் சொந்தச் சீட்டுகளில் உள்ள 2, 3 எக்காலத்திலும் எண்ணப்படாது.

ஆகவே 2 எழுதுவதால் உங்கள் 1 ஒரு மயிரிழையும் குறையாது. சங்குக்கு விழுந்த 226,343 வாக்குகள் முதல் எண்ணிக்கையிலேயே மாவட்டம் மாவட்டமாக அறிவிக்கப்பட்டுப் பதிவாகிவிட்டன. கொழும்புக்கும் வெளிநாட்டுத் தூதரகங்களுக்கும் சொல்ல விரும்பிய சேதியை அந்த இலக்கம் சொல்லிவிட்டது. அதன் பிறகு திறக்கப்படுவது அடுத்த கதவு. "இரண்டாவது போட்டால் கொள்கைக்குத் துரோகம்" என்று மேடையில் யாராவது சொல்லி நீங்கள் நம்பியிருந்தால், அவர் எண்ணும் முறை தெரியாமல் பேசியிருக்கிறார்.

2024 செப்டம்பரில் நடந்தது இதுதான். இந்த நாட்டு வரலாற்றில் முதன்முறையாக எவரும் பாதியைத் தாண்டவில்லை. அநுர குமார திசாநாயக்க 5,634,915. சஜித் பிரேமதாச 4,363,035. ரணில் விக்கிரமசிங்க உட்பட மற்ற எல்லோருக்கும் விழுந்த முப்பத்து மூன்று இலட்சம் சீட்டுகளும் மறுபடி பார்க்கப்பட்டன. அவற்றில் அநுரவுக்கு 105,264, சஜித்துக்கு 167,867 கூடின. இரண்டையும் சேர்த்தால் 273,131. மீதி முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட சீட்டுகளில் இவ்விருவரில் எவருக்கும் செல்லுபடியான அடுத்த தெரிவு இல்லை. நூற்றுக்கு ஏறத்தாழத் தொண்ணூற்றிரண்டு சீட்டு. உங்கள் அம்மாவின் சீட்டும் அதற்குள் கிடக்கிறது. கடைசியில் வென்றவர் பெற்றது செல்லுபடியான மொத்த வாக்கில் நூற்றுக்கு 43. யார் வர வேண்டும் என்பதில் உங்களுக்குக் கருத்தே இல்லையா? இருந்திருக்கும். எழுதவில்லை, அவ்வளவுதான்.

இனிச் சித்தப்பா. அவர் கணக்கு பிழை. இரண்டாவது எண்ணிக்கையின் முடிவில் இருவருக்கும் இடையே 1,209,277 வாக்குகள் வித்தியாசம். சங்குக்கு விழுந்த ஒவ்வொரு வாக்கும் சஜித்துக்கே போயிருந்தாலும் அதில் ஐந்தில் ஒரு பங்குகூட நிரம்பியிருக்காது. சஜித்தைத் தோற்கடித்தது நீங்கள் அல்ல.

பாதியைத் தாண்ட வேண்டிய தேர்தலில் வெல்லாத வேட்பாளருக்குப் போட்ட வாக்குக்கும் கனம் உண்டு. 2005ஐ எடுங்கள். மஹிந்த ராஜபக்ஷ 4,887,152, ரணில் 4,706,366. பாதிக் கோட்டை மஹிந்த தாண்டியது ஏறத்தாழ 28,600 வாக்குகளால். விடுதலைப் புலிகளின் பகிஷ்கரிப்பால் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில், கிளிநொச்சியும் அதற்குள்தான், வாக்களித்தவர்கள் நூற்றுக்கு 1.21. அன்று வடக்கில் 57 ஆயிரத்துச் சொச்சம் பேர் போய் மூன்றாமவர் ஒருவருக்கு, ரணிலுக்குக்கூட அல்ல, வெல்ல வாய்ப்பே இல்லாத யாரோ ஒருவருக்குப் போட்டிருந்தாலும் செல்லுபடியான வாக்கின் மொத்தம் பெருகி, மஹிந்த பாதிக்குக் கீழே இறங்கியிருப்பார். 2, 3 எண்ணும் நிலை அன்றே வந்திருக்கும். வீட்டில் இருந்துவிட்டவரின் வாக்கு எந்த மொத்தத்திலும் சேராது. சாவடிக்குப் போய்ச் சின்னக் கட்சிக்குப் போட்டவரின் வாக்கு சேரும். அதனால் நீங்கள் சங்குக்குப் போட்டதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறை அந்த இரண்டு வெற்றுப் பெட்டிகளில்தான்.

அடுத்த ஜனாதிபதித் தேர்தலுக்கு முன் அம்மாவோடு மேசையில் உட்காருங்கள். ஒரு தாளில் ஆறு மரக்கறிகளின் பெயரை எழுதுங்கள். முருங்கைக்காய், கத்தரிக்காய், வெண்டிக்காய், பாவற்காய், பயற்றங்காய், புடலங்காய். அரசியல்வாதிகளின் பெயர் வேண்டாம், அம்மா யாருக்குப் போட நினைக்கிறார் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. அம்மாவுக்குப் பிடித்தது முருங்கை என்று வையுங்கள். ஆனால் ஊரில் பேச்சு அடிபடுவது கத்தரி, வெண்டி, பாவல் மூன்றும்தான், 2024இல் அநுர, சஜித், ரணில் பெயர்கள் அடிபட்டதுபோல. அம்மாவுக்குப் பாவற்காய் ஆகவே ஆகாது. முருங்கைக்கு 1, கத்தரிக்கு 2, வெண்டிக்கு 3, பாவலுக்கு ஒன்றுமில்லை.

இப்போது முருங்கை நீங்கிவிட்டது என்று வையுங்கள். கடைசி இருவர் கத்தரியும் பாவலுமானால் வாக்கு கத்தரிக்கு. வெண்டியும் பாவலுமானால் 2 செல்லாது, 3 எண்ணப்படும், வாக்கு வெண்டிக்கு. கத்தரியும் வெண்டியுமானால் கத்தரிக்கு. எந்த வழியில் போனாலும் அம்மாவின் வாக்கு கடைசிச் சுற்றில் இருக்கும், எந்த வழியிலும் பாவலுக்குப் போகாது. வெல்லக்கூடியவர்கள் மூவர் என்றால் அவர்களில் எவர் வரவே கூடாதோ அவரை வெறுமையாக விட்டு மற்ற இருவரையும் 2, 3 ஆக்க வேண்டும். வெல்லக்கூடியவர்கள் இருவர்தான் என்றால் 2 ஒன்றே போதும்.

பலரும் பிழைவிடும் இடம், பிடித்த சின்ன வேட்பாளருக்கு 1 போட்டுவிட்டு 2, 3 இரண்டையும் வேறு சின்ன வேட்பாளர்களுக்கே போடுவது. முருங்கைக்கு 1, பயற்றங்காய்க்கு 2, புடலங்காய்க்கு 3. மூன்றும் ஒன்றாக நீங்கும், சீட்டு ஓயும். மூன்று இலக்கத்தில் ஒன்றாவது கடைசி இருவரில் வரக்கூடியவரைத் தொட வேண்டும்.

சீட்டு நிராகரிக்கப்படாமல் இருக்கவும் கவனம் வேண்டும். 2024இல் 300,300 வாக்குகள் நிராகரிக்கப்பட்டன. சங்குக்கு விழுந்ததைவிட அது அதிகம்! ஒருவருக்கு மட்டும் போடுவதானால் புள்ளடியோ (X) 1ஓ செல்லும். இரண்டாவது தெரிவு எழுதப் போகிறீர்கள் என்றால் புள்ளடியை மறந்துவிடுங்கள், 1, 2, 3 என்ற இலக்கங்கள் மட்டும். இரண்டு பேருக்குப் புள்ளடி, இரண்டு பேருக்கு 1, 1 இல்லாமல் 2 மட்டும், இவையெல்லாம் பாழ். பெயர், கையொப்பம், வசனம் எதுவும் எழுதக்கூடாது. அம்மாவுக்குக் கண்பார்வை மங்கி, தானாக அடையாளமிட முடியாத நிலை வந்தால், துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லச் சட்டம் இடம் தருகிறது. அதற்கான படிவத்தைக் கிராம அலுவலரிடம் முன்கூட்டியே கேளுங்கள், அரச வைத்தியரின் உறுதிப்படுத்தலும் வேண்டும். அப்படிப் போகும் துணை அம்மா சொன்னதைத்தான் எழுத வேண்டும், தான் நினைத்ததை அல்ல. உங்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்னொன்று. இதே பாடத்தைப் பாராளுமன்றத் தேர்தலுக்குக் கொண்டுபோகாதீர்கள். அங்கே கட்சிக்குப் புள்ளடி, பிறகு அதே கட்சியின் வேட்பாளர்களுக்குள் மூன்று விருப்பு வாக்கு வரை. வேறு கட்சிக்கு இரண்டாவது தெரிவு என்பதே இல்லை. மாவட்டத்தில் நூற்றுக்கு 5க்குக் கீழே எடுத்த குழுவின் வாக்குகள் கணக்கிலிருந்தே கழிக்கப்படும். முதலாவதாக வந்த கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம். 2024 நவம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு ஆசனங்களுக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட கட்சிகளும் சுயேச்சைக் குழுக்களும் நின்றன. அநுரவின் தேசிய மக்கள் சக்தி எடுத்தது நூற்றுக்கு 25 அளவு, கிடைத்தது மூன்று ஆசனம். அவர்கள் களவெடுக்கவில்லை, விதி அப்படி. தமிழ்க் கட்சிகள் பிரிந்து நின்றதற்கு அந்த விதியில் விலை உண்டு. அந்தத் தேர்தலில் சித்தப்பா "சிதறவிடாதே" என்று சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், அங்கே அவர் கணக்குச் சரி.

கலியாண வீட்டில் அவர் அப்படிப் பேசியது பிழைதான். வீட்டுப் பிள்ளையை ஊரார் முன் குறைத்துப் பேசுவது பெரிய மனிதருக்கு அழகல்ல. ஆனால் அப்பாவின் தம்பியோ அம்மாவின் தங்கை கணவரோ, யாராயிருந்தாலும் ஒரு வாக்குச்சீட்டுக்காகச் சித்தப்பா வீட்டுப் படி ஏறாமல் இருப்பதை நான் கொள்கை என்று ஏற்கமாட்டேன். அது வீம்பு. வயதில் இளையவர்தான் முதலில் போக வேண்டும், இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. 1,209,277 என்ற இலக்கத்தைப் போனதும் தூக்கி அவர் முகத்தில் எறியாதீர்கள். தேத்தண்ணி குடியுங்கள். பேச்சு வந்தால், அவர் சஜித்துக்கு 1 போட்டபோது 2, 3 போட்டாரா என்று கேளுங்கள். போட்டிருந்தாலும் சஜித் கடைசி இருவரில் நின்றதால் அவை எண்ணப்பட்டிருக்காது, அதையும் சொல்லுங்கள். அடுத்த முறை அவருடைய ஆள் மூன்றாவதாக வந்தால் அவருக்கும் இது தேவைப்படும்.

ஆனால் அதற்கு முன் இன்றிரவே அம்மாவிடம் போங்கள். "அண்டைக்கு நீங்கள் கேட்டது சரி அம்மா, எனக்குத்தான் தெரியேல்லை" என்று சொல்லிவிட்டு அந்த மரக்கறித் தாளை எடுங்கள்.