ஹார்லிக்ஸ் பாட்டில் நெறய வெளிநாட்டு சில்லறை

வணக்கம் அண்ணா,

கடலூர் ஓ.டி.ல (ஓல்ட் டவுன்) இருந்து எழுதறேன். எங்க மச்சான் சரக்கு கப்பல்ல வேலை பாக்குறாரு, லீவுல வரப்பல்லாம் பாக்கெட்ல மிச்சம் இருக்குற சில்லறைய என்கிட்ட கொட்டிட்டு போயிடுவாரு. நானும் சிங்கப்பூர், கொழும்புன்னு போயிட்டு வந்ததுல கொஞ்சம் சேந்து இப்ப ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் ரொம்பிடுச்சு. வீட்ல "இத மாத்தி ஒரு குக்கராவது வாங்கலாம்ல"ன்னு ஒரே பேச்சு. பாண்டியில ஒரு மணி சேஞ்சர்ட்ட கேட்டா நோட்டுன்னா குடுங்க, காசு எடுக்கறதில்லன்னுட்டாரு. வாட்ஸ்அப்ல பாத்தா பழைய காசு லட்சக்கணக்குல போகுதுங்கறாங்க. அப்பாவோட சிநேகிதர் ஒருத்தர், பாண்டிக்காரர், பிரெஞ்சுக்காரன் காலத்து ஒரு ரூபா நோட்டும் ஒரு 50 ஃப்ராங்க் நோட்டும் குடுத்திருக்காரு. ரெண்டையும் லேமினேட் பண்ணி ஹால்ல மாட்டலாமா? இதெல்லாம் வீட்ல வச்சிருந்தா சட்டப்படி பிரச்சனை வருமா?

தம்பிக்கு வணக்கம்,

மொதல்ல அந்த லேமினேஷன் கடைப்பக்கம் போயிடாதீங்க. சூட்டுல பிளாஸ்டிக் ஒட்டிக்கிச்சுன்னா பிரிக்கவே முடியாது, நோட்டு சேக்குறவங்க யாரும் அப்புறம் அத திரும்பிக்கூட பாக்க மாட்டாங்க. செலோடேப், ஸ்டேப்ளர் எதுவும் வேணாம், மடிப்பு இருந்தா இருந்துட்டு போவட்டும், அயர்ன் பாக்ஸ எடுத்துட்டு உக்காந்துடாதீங்க (உக்காந்தவங்கள எனக்கு தெரியும்). காசுக்கும் இதே கதைதான், பித்தளை நெறத்துல எதப் பாத்தாலும் நம்ம வீட்ல கை தானா புளிக்கும் பீதாம்பரிக்கும் போவும். யூரோவுல 1, 2, 5 சென்ட் காசு பாக்கறதுக்குத்தான் செம்பு, உள்ள எஃகு, மேல செம்பு பூசியிருக்கு, காந்தம் வச்சா ஒட்டும், அத தேச்சா பூச்சு போயி உங்க ஓ.டி. உப்புக்காத்துக்கு துரு புடிச்சிடும். பாட்டில்ல ஒண்ணோட ஒண்ணு ஒரசாம சின்னச்சின்ன பேப்பர் கவர்ல போட்டு, புது ஷூ டப்பாவுல வருமே சிலிக்கா ஜெல் பாக்கெட், அதுல ஒண்ண கூட போடுங்க. மெத்துன்னு வாடை அடிக்கிற பி.வி.சி. கவர் மட்டும் வேணாம், நாள்பட்டா பச்சையா பிசுபிசுன்னு காசு மேல எறங்கும்.

சட்டத்துக்கு பயப்படாதீங்க. ஃபெமான்னு வெளிநாட்டுப் பணத்துக்கான சட்டம் இருக்கு, அதுக்கு கீழ 2015ல வந்த விதிப்படி வெளிநாட்டு காசு எவ்ளோ வேணா வச்சுக்கலாம், வரம்பே கெடையாது. நோட்டுன்னா மொத்தம் 2,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரைக்கும், அதுக்கு மேல மிச்சம் இருந்தா ஊர் திரும்பி 180 நாளுக்குள்ள மாத்திடணும். உங்க பாட்டில் அந்த கணக்குக்கு பக்கத்துலயே வராது.

இப்ப அந்த ரெண்டு நோட்டு. 50 ஃப்ராங்க் கடைசியா வந்த நோட்டுன்னா, அதுல 'குட்டி இளவரசன்' கதைய எழுதுன செந்த் எக்சுபெரி இருப்பாரு, பக்கத்துல கதையில வர்ற அந்த பொடியனும் நிப்பான், ஆற அமர வச்சுப் பாக்கவேண்டிய நோட்டு. ஒரு யூரோவுக்கு 6.55957 ஃப்ராங்க்னு கணக்கு போட்டு பிரான்ஸ்ல மாத்தி குடுத்துட்டு இருந்தாங்க, 2012 பிப்ரவரி 17ஓட நிறுத்திட்டாங்க. அன்னிக்கு வரைக்கும் அது ஏழரை யூரோ, மறுநாள்லேர்ந்து வெறும் ஞாபகம், பாண்டியில எத்தன சொல்தா (பிரெஞ்சு பட்டாளத்துல இருந்தவங்க) வீட்டு பீரோவுல இப்படி தூங்குதோ.

ஒரு ரூபா நோட்டு அதவிட சுவாரசியம். பிரெஞ்சிந்தியாவுக்கு ரூபா நோட்டு போட்டது பாங்க் த இந்தோஷீன், 1875ல ஆரம்பிச்ச பேங்க், வியட்நாம் சைகோன்ல அந்தக் காலத்துல ஓடுன பியாஸ்தர்ங்கற பணத்துக்கு நோட்டு போட்டதும் இதேதான். பாண்டி, காரைக்கால் பக்கத்துலேர்ந்து பட்டாளத்துக்கும் சர்க்கார் வேலைக்கும்னு சைகோன் போன குடும்பங்க நெறய, அவங்க வீட்டு டிரங்க் பெட்டியில ரெண்டு நோட்டும் ஒண்ணா கெடக்கும். ஒயிட் டவுன்ல யூகோ பேங்க் இருக்கே, அது அந்த பேங்கோட பழைய கட்டடந்தான், அடுத்த தடவ பீச்சுக்கு வந்தா நின்னு பாத்துட்டு போங்க. 1954 நவம்பர் 1ல பாண்டி இந்தியாகிட்ட வந்தப்பறம் அந்த நோட்டுக்கு இங்க வேலை இல்ல. அப்பாவோட சிநேகிதருக்கு அது எப்படி வந்துச்சு, யார் சம்பளத்துல மிஞ்சுனதுன்னு கேட்டீங்களா? கேக்கலன்னா இந்த ஞாயித்துக்கிழமையே போயி கேளுங்க.

நான் முக்கியமா சொல்லணும்னு நெனச்சது இதத்தான். ஆன்லைன்ல நூறு நாட்டு நோட்டு ஒரே செட்டுன்னு விக்கிறான், மொடமொடன்னு புதுசா இருக்கும், வாங்குறவங்க வாங்கட்டும், எனக்கு அதுல ஒரு ருசியும் இல்ல, அது அந்த ஊர் டீக்கடை கல்லாவையே பாத்திருக்காது. உங்க பாட்டில்ல இருக்குற ஒவ்வொரு காசும் யாரோ சில்லறையா எண்ணி மச்சான் கையில குடுத்தது. ஆனா எது ராட்டர்டாம் துறைமுகத்துல வந்தது, எது துபாய் ஜெபல் அலியில வந்ததுன்னு அவருக்கு மட்டுந்தானே தெரியும், அடுத்த லீவுல அவர உக்கார வச்சு பாட்டில பாய்ல கவுத்து ஒவ்வொண்ணா கேட்டு, ஊரு, வருஷம், என்ன வாங்குன மிச்சம்னு அந்த பேப்பர் கவர் மேலயே எழுதிடுங்க. எல்லாத்தையும் வச்சுக்கணும்னும் இல்ல, ஒரு ஊருக்கு ரெண்டு மூணு போதும்.

சிங்கப்பூர் காசுல நம்ம எழுத்துல சிங்கப்பூர்னு இருக்கும், எலங்கை நோட்டுலயும் தமிழ் இருக்கு, இதெல்லாம் நீங்களே பாத்திருப்பீங்க. மச்சான் எப்பவாச்சும் மொரீஷியஸ் பக்கம் போனா ஒரு நோட்டு எடுத்துட்டு வரச் சொல்லுங்க. 1998ல அங்க புது நோட்டு அடிச்சப்ப தமிழுக்கு முன்னாடி ஹிந்திய கொண்டுபோயி வச்சுட்டாங்க, அங்க இருக்குற தமிழர்ங்க சும்மா விடல, கடைசியில அந்த நோட்டையே வாபஸ் வாங்கி பழையபடி தமிழ மேல போட்டு திரும்ப அடிச்சாங்க. அப்புறம் பறங்கிப்பேட்டை பக்கம் பழைய கல்ஃப் குடும்பம் ஏதாச்சும் தெரிஞ்சா, நம்பருக்கு முன்னாடி இசட் போட்ட பழைய இந்திய நோட்டு இருக்கான்னு கேட்டுப் பாருங்க, 1959ல ரிசர்வ் பேங்க் வளைகுடா நாடுங்களுக்குன்னே தனியா அடிச்சது அது, 1960கள்லேர்ந்து ஒவ்வொரு நாடா அத விட்டு வேற பணத்துக்கு மாறிட்டாங்க.

லட்சக்கணக்கு வாட்ஸ்அப்ப நம்பாதீங்க, விக்கிறதுக்கு முன்னாடியே "ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் கட்டுங்க"ன்னு யாராச்சும் கேட்டா போன வச்சுடுங்க. ஜிம்பாப்வே 100 ட்ரில்லியன் டாலர் நோட்டு, ஒண்ணுக்கு பின்னாடி 14 சைபர், நெஜமாவே சேக்குறவங்க வாங்குறாங்கதான், ஆனா தங்கத்தாள் ஒட்டுன மாதிரி பளபளன்னு வர்றதெல்லாம் பொம்மை.

குக்கர் வராது தம்பி. வச்சுக்குறது போக மிச்சம் சிங்கப்பூர் காசு, யூரோ காச அந்தப் பக்கம் ஃபிளைட் ஏறுறவங்ககிட்ட குடுத்து விடுங்க, நம்ம மாவட்டத்துல ஆளுக்கா பஞ்சம், திரும்பி வரப்ப அதுக்கு சாக்லேட்டா வாங்கிட்டு வரச் சொன்னா வீட்லயும் கொஞ்சம் அடங்கும். அந்த ஒரு ரூபா நோட்ட ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்புங்க, ஃப்ளாஷ் போடாம.