அவன் சொன்னதை நீங்கள் சொல்லிப் பாருங்கள்

கேள்வி: தம்பியோடு எதைப் பேசினாலும் சண்டையில்தான் முடிகிறது. நியாயம் என் பக்கம் இருந்தும் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறான். என்ன செய்ய?

பதில்: நியாயம் உங்கள் பக்கமே இருக்கட்டும், சரி. அவன் பேசும்போது காது கொடுத்துக் கேட்கிறீர்களா, இல்லை எப்படி மடக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறீர்களா? உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1951-ல் ஒரு வழி சொன்னார்: எதிரில் இருப்பவர் சொன்னதை, அவரே 'ஆமாம், அதைத்தான் சொன்னேன்' என்று ஏற்கும் அளவுக்குத் திருப்பிச் சொன்ன பிறகுதான் நம் பதிலை ஆரம்பிக்க வேண்டும். கேட்க எளிது, செய்வது கஷ்டம். நான் முதலில் முயன்றபோது அக்கா 'நான் அப்படிச் சொல்லவே இல்லையே' என்று மூன்று முறை திருத்தினாள், அதற்குள் என் கோபம் பாதி இறங்கிவிட்டது. அப்புறம் 'ஏன் அப்படி நினைக்கிறாய்?' என்று கேளுங்கள், குறுக்கு விசாரணையாக இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள.