பல்லி பயம் வீடியோ பார்த்தால் போகுமா?

பல்லி, கரப்பான், சிலந்தி மாதிரி ஏதோ ஒன்றின் மேல் மட்டும் இருக்கும் பயத்தை, போனில் படமும் வீடியோவும் பார்த்தே போக்கிக்கொள்ள முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முக்கால்வாசி முடியும். மிச்சத்துக்கு நிஜப் பல்லி வேண்டும். எனக்கு அப்படித்தான் ஆனது.

சமையலறை டியூப்லைட்டுக்குப் பின்னால் வால் தெரிந்தால் அன்று ராத்திரி எங்கள் வீட்டில் ஹோட்டல் இட்லிதான். வாடகைக்கு வீடு பார்க்கப் போனால், தண்ணீர் வருமா என்று கேட்பதற்கு முன்னால் பாத்ரூம் சீலிங்கை அண்ணாந்து பார்ப்பேன். இதை ஒரு பிரச்சினையாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அம்மா பஞ்சாங்கத்தில் பல்லி விழும் பலன் பார்த்தார். மாமியார் காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிப்போய்த் தங்கப் பல்லியைத் தொட வைத்தார். பயமில்லாமல் தொட்டேன். வீட்டுக்கு வந்ததும் பழைய கதைதான்.

கடைசியில் ஒரு உளவியலாளரிடம் போனேன். கோயில் கதையைச் சொன்னதும் அதைப் பிடித்துக்கொண்டார். “அங்கே பயம் வரவில்லையே, ஏன்?” யோசித்துப் பார்த்தால், அந்தப் பல்லி ஓடாது. சட்டென்று ஓடுவதும், எந்தப் பக்கம் ஓடும் என்று தெரியாததும்தான் என்னைப் படுத்தியிருக்கிறது. இதை முதலில் கண்டுபிடிக்காமல் கூகுளில் நூறு படம் பார்த்தும் பிரயோஜனமில்லை.

அதனால் எனக்குப் படங்கள் கொஞ்சம், வீடியோ நிறைய. பயத்துக்கு 0 முதல் 100 வரை மார்க் போட்டுப் படி கட்டினோம். (ஜோசப் வோல்பே என்ற தென்னாப்பிரிக்க மனநல மருத்துவர் கொண்டுவந்த அளவுகோல்.) பென்சில் ஓவியம் 10, கலர் போட்டோ 30. சுவரில் அசையாமல் ஒட்டியிருக்கும் பல்லி, சத்தமில்லாத வீடியோ, 45. பூச்சியைப் பாய்ந்து பிடிப்பது 65. கேமராவை நோக்கி ஓடிவருவது, அதுவும் டிவி நிறைய, 80. வீடியோக்களைத் தேடி இறக்கிவைக்கும் வேலையைக் கணவரிடம் விட்டேன். நாமே யூடியூபில் தேடினால் 30 மார்க்கில் நிற்கிற ஆளுக்கு 90 மார்க் படம் பக்கத்திலேயே பல்லைக் காட்டும்.

மூன்று வாரம் ஓடியும் 45-ஐத் தாண்டவில்லை. எப்படிப் பார்க்கிறேன் என்று உளவியலாளர் செய்துகாட்டச் சொன்னார். போனைக் கை நீட்டிப் பிடித்து, வெளிச்சத்தைக் குறைத்து, கட்டைவிரலை நிறுத்தும் பொத்தான் மேலேயே வைத்திருந்தேன். கண்ணும் பாதி மூடியிருந்ததாம். “ஓடத் தயாராக உட்கார்ந்துகொண்டு பார்த்தால், விரல் இருந்ததால்தான் தப்பித்தோம் என்றே மனசு கணக்கு வைத்துக்கொள்ளும்” என்றார். அன்றிலிருந்து போனை மேஜையில் சாய்த்துவைத்து, கையை மடியில் வைத்துப் பார்த்தேன். போடுவதற்கு முன் என்ன நடக்கும் என்று நினைக்கிறேனோ அதை நோட்டில் எழுதவேண்டும். “வாந்தி வரும், எழுந்து ஓடிவிடுவேன்” என்று எழுதினேன். அதே 40 விநாடி வீடியோ திரும்பத் திரும்ப ஓடியது. உள்ளங்கை வியர்த்தது, வாந்தி வரவில்லை. 25 நிமிஷத்தில் மார்க் பாதியானது. அதோடு விடக்கூடாது, வேறு பல்லி, வேறு சுவர், வேறு அறை என்று மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஒரு வீடியோ மட்டும்தான் பழகும்.

பிறகு நிஜம். 1924-இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், முயலுக்குப் பயந்த பீட்டர் என்ற குழந்தைக்குத் தின்னக் கொடுத்துக்கொண்டே முயலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவந்தார். என் பல்லி கூண்டில் இல்லை என்பதால் நான்தான் நகர வேண்டியிருந்தது: வாசற்படி, ஃபிரிட்ஜ் பக்கம், அடுப்பு மேடை. இப்போதும் பல்லியைப் பிடிக்காது. ஆனால் அது ஜன்னல் கம்பியில் இருக்கும்போதே தோசை சுட்டு முடிக்கிறேன்.

தம்பி ஒருமுறை “பயம் தெளியட்டும்” என்று ரப்பர் பல்லியை மேலே போட்டான். அந்த மாதிரி வைத்தியத்துக்கு யாரையும் அனுமதிக்காதீர்கள்.

உங்கள் பயம் ஊசி, ரத்தம் பற்றியது என்றால் மேலே சொன்னதை அப்படியே செய்ய வேண்டாம். அதில் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி மயக்கம் வரலாம். கை, கால், வயிற்றுத் தசைகளை முகம் சூடாகும் வரை பத்துப் பதினைந்து விநாடி இறுக்கி, விட்டு, மறுபடி இறுக்கும் பயிற்சியை முதலில் ஒருவரிடம் கற்றுக்கொண்டு, அப்புறம் வீடியோவைப் போடுங்கள்.