மலேசியா: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

மலாய்க்காரர், சீனர், இந்தியர் – மலேசியா இவ்வளவுதானா?

இல்லை. இந்த மூவரோடு நிறுத்திக்கொண்டால் போர்னியோத் தீவிலிருக்கும் சபாவும் சரவாக்கும் விடுபட்டுப் போகும். நாட்டின் நிலப்பரப்பில் பாதிக்கும் மேல் அவைதான். சரவாக் மட்டுமே பரப்பில் தமிழ்நாட்டை நெருங்குகிறது. இவ்விரு மாநிலங்களிலும் இபான், பிடாயு, கடசான்-டூசுன் எனப் பல பூர்வகுடிகள் வாழ்கிறார்கள். மே இறுதியில் சபாவில் காமாத்தான், ஜூன் தொடக்கத்தில் சரவாக்கில் காவாய். இரண்டும் அறுவடைத் திருநாள்கள். 1957இல் விடுதலை பெற்றது மலாயா. சபா, சரவாக், சிங்கப்பூர் சேர்ந்து மலேசியா உருவானது 1963இல்தான் (சிங்கப்பூர் 1965இல் பிரிந்தது). அப்போது பெற்ற உரிமையால், தீபகற்பத்து மலேசியர்கள்கூட சபாவிலும் சரவாக்கிலும் இறங்கும்போது குடிநுழைவுச் சோதனையைக் கடந்தே போக வேண்டும். பயணத் திட்டத்தில் சரவாக்கின் தலைநகரான கூச்சிங்குக்கு இரண்டு நாளாவது ஒதுக்குங்கள் என்று எல்லோரிடமும் வற்புறுத்துவேன்.

மன்னராட்சியா, மக்களாட்சியா?

இரண்டும். ஆட்சி நடத்துவது பிரதமரும் நாடாளுமன்றமும். ஒன்பது மாநிலங்களின் பரம்பரை ஆட்சியாளர்கள் தங்களுக்குள் ஒருவரை ஐந்தாண்டுக்கு மாமன்னராகத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

அங்கே பிள்ளைகள் தமிழில் படிக்க முடியுமா?

முடியும். ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் தேசியக் கல்வி முறைக்குள்ளேயே இயங்குகின்றன. ஆறாம் ஆண்டு வரை தமிழே பயிற்றுமொழி. இடைநிலைப் பள்ளியில் மலாய்க்கு மாறினாலும், எஸ்.பி.எம். என்னும் இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வில் தமிழை ஒரு பாடமாக எழுதலாம். இந்தியர்கள் மக்கள்தொகையில் ஏறக்குறைய ஏழு விழுக்காடுதான். ரப்பர்த் தோட்டங்களில் தொடங்கிய பள்ளிகள் பல, தோட்டங்கள் மறைந்த பிறகும் நிற்கின்றன என்றால் அதற்குப் பெற்றோரும் ஆசிரியர்களும் விடாமல் உழைத்ததே காரணம்.

பத்துமலை பார்த்தாயிற்று. அடுத்து?

மலாக்கா. அங்குள்ள மலாக்கா செட்டிகள், சுல்தான்கள் காலத்தில் வந்து தங்கிய தமிழ் வணிகர்களின் வழிவந்தவர்கள். வீட்டில் மலாய் பேசுவார்கள், கும்பிடுவது மாரியம்மனை. 18ஆம் நூற்றாண்டில் அவர்கள் எழுப்பிய பொய்யாத விநாயகர் கோயில் இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. அதன் அருகிலேயே கம்போங் கிலிங் பள்ளிவாசலும் செங் ஹூன் தெங் சீனக் கோயிலும் உள்ளன. மூன்றையும் ஒரே காலைப்பொழுதில் நடந்தே பார்த்துவிடலாம்.

வார விடுமுறை எப்போது?

பெரும்பாலும் சனி, ஞாயிறு. கெடா, கிளந்தான், திரங்கானு மாநிலங்களில் மட்டும் வெள்ளி, சனி. வங்கி வேலை இருந்தால் முன்கூட்டியே முடித்துவிடுங்கள்.