மடிக்குக் கூப்பிடாதீர்கள், கதையைத் தொடங்குங்கள்

சகோ, மூன்று வருஷம் கழித்துக் குவைத்திலிருந்து வந்திருக்கிறீர்கள், நாலரை வயது மகள் அம்மா முந்தானையை விட்டு வரமாட்டேன் என்கிறாள், புத்தகத்தைக் காட்டினாலும் ஓடுகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். படிக்கும்போதே மனசு கனத்துவிட்டது. நானும் கப்பல் வேலைக்குப் போய் வந்தவன்தான்.

ராத்திரி சாப்பாடு முடிந்ததும் பாயை விரித்து உட்கார்ந்து, அவள் காதில் விழுகிற தூரத்தில் நீங்கள்பாட்டுக்குச் சத்தமாக வாசியுங்கள். என் மகன் நாலு நாள் கதவுக்குப் பின்னாலேயே நின்றான். ஐந்தாம் நாள், யானை கிணற்றை எட்டிப் பார்க்கிற இடத்தில் வேண்டுமென்றே நிறுத்தினேன். "அப்புறம்?" என்றது அந்தச் சின்னக் குரல். இன்னும் காதிலேயே இருக்கிறது.

ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள். அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருப்பது அந்த வயதுக்குப் பெரிய தைரியம். பக்கம் புரட்டுகிற வேலையை அவளிடம் கொடுங்கள். எழுத்துக்கூட்டச் சொல்லிப் பாடமாக்கிவிட வேண்டாம். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

லீவு முடிந்து திரும்பினாலும் விட்டுவிடாதீர்கள். இங்கே இரவு எட்டரை என்றால் அங்கே மாலை ஆறு. அவள் தூங்கப்போகும் நேரத்துக்கு, அதே கதையோடு வீடியோ காலில் வாருங்கள்.