வாசகர் கேள்வி: மகள் எப்போது அழகான கட்டடம் வரைவாள்?

கேள்வி: என் மகள் பலதுறைத் தொழிற்கல்லூரியில் கட்டடக்கலை இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். இந்தப் பருவம் முழுக்கச் சாய்தளம், கழிவறை, கைப்பிடி என்று அளவு நாடாவும் கையுமாகவே இருக்கிறாள். அழகாக வரைய எப்போதுதான் சொல்லித் தருவார்கள்? கைத்தடியுடன் நடக்கும் என் அம்மாவும் இதையேதான் கேட்கிறார்.
– ஈசூன் வாசகர்

பதில்: ஐயா, 22 ஆண்டுகளாக இதே பாடத்தை நடத்துகிறேன். உங்கள் மகள் இப்போது படிப்பதுதான் அழகுக்கு அஸ்திவாரம்.

இளம் வயதில் நான் ஒரு சிறிய கிளினிக்கின் முகப்பை வரைந்தேன். வாசலில் ஒரே ஒரு கருங்கல் படி வைத்தேன். திறப்பு நாளன்று சக்கர நாற்காலியில் வந்த ஒரு பாட்டியை இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கி உள்ளே கொண்டுபோனார்கள். தூக்கும்போது அவர் சேலையை முழங்காலோடு இறுக்கிப் பிடித்துக்கொண்ட விதம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அந்தப் படியை நான்தான் வரைந்தேன்.

அதனால் முதல் வாரமே மாணவர்களைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து ஒரு பழைய புளோக்கின் கீழ்த்தளத்துக்கு அனுப்புவேன். போன பருவத்தில் ஒரு பையனின் முன்சக்கரம் சாக்கடை மூடியின் கம்பி இடுக்கில் சிக்கிக்கொண்டது. நடக்கும் திசையிலேயே கம்பிகள் ஓடியதுதான் காரணம். மறுநாள் அவனே கம்பிகளைக் குறுக்காகத் திருப்பி வரைந்து வந்தான். நான் வாயே திறக்கவில்லை.

சாய்தளமும் அப்படித்தான். 1:12, அதாவது ஒரு பங்கு உயர 12 பங்கு நீளம் என்று மனப்பாடம் செய்தால் போதாது. 30 சென்டிமீட்டர் ஏற 3.6 மீட்டர் நீளம் வேண்டும். கட்டி முடித்த பிறகு அந்த இடத்துக்கு எங்கே போவது? நம் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி புளோக்குகளையே பாருங்கள். அன்று மின்தூக்கி சில மாடிகளில் மட்டும்தான் நின்றது. 2001இல் தொடங்கிய மேம்பாட்டுத் திட்டத்தில் எத்தனையோ புளோக்குகளில் புதிதாக மின்தூக்கிக் கூண்டே எழுப்ப வேண்டியிருந்தது. முதல் கோட்டிலேயே பாட்டியை நினைத்திருந்தால் அவ்வளவு சிமெண்டும் கம்பியும் மிச்சம். எல்லாருக்குமான வடிவமைப்பையும் பசுமை வடிவமைப்பையும் நான் ஒரே பாடமாக நடத்துவது இதனால்தான்.

கேள்வி: பசுமைக் கட்டடம் என்றால் சுவரெல்லாம் செடி வளர்ப்பதுதானே?
– தேக்கா வாசகி

பதில்: செடி நல்லதுதான் அம்மா, ஆனால் அதற்கு முன் வெயிலைப் பார்க்க வேண்டும். நம் ஊரில் கிழக்கு, மேற்குச் சுவர்தான் அதிகம் காயும். கட்டடத்தின் நீளப் பக்கம் வடக்கையும் தெற்கையும் பார்க்கும்படி திருப்பினாலே பாதி வேலை முடிந்துவிடும். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2019இல் திறந்த எஸ்டிஇ4 கட்டடத்தில் குளிர்சாதனத்தைக் கடுங்குளிராக வைக்காமல் கூரை மின்விசிறியையும் சேர்த்துச் சுழலவிடுகிறார்கள். உட்கார்ந்து பார்த்தேன், சுகமாகவே இருந்தது.

ஈசூன் ஐயாவுக்கு இன்னொரு வார்த்தை. அட்மிரல்ட்டி எம்ஆர்டி பக்கத்திலேயே கம்போங் அட்மிரல்ட்டி இருக்கிறது. 2018இல் உலகின் சிறந்த கட்டடம் என்ற விருது வாங்கியது. மூத்தோர் வீடுகள், மருத்துவ நிலையம், உணவங்காடி, படிப்படியாக ஏறும் மாடித் தோட்டம் எல்லாம் அங்கே ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் மகளையும் கூட்டிப் போங்கள். அம்மா முன்னால் நடக்கட்டும். அவர் எங்கெங்கே நின்று மூச்சு வாங்குகிறார் என்று மகள் குறித்துக்கொள்ளட்டும்.