எத்தனை பேர் என்று யார் எண்ணினார்கள்?

அன்புள்ள ஐயா,

எனக்குச் சொந்த ஊர் சாத்தூர் பக்கம். மூன்று வருடமாக லிவர்பூலில் இருக்கிறேன். என்னோடு வேலை பார்க்கும் ஒரு பெரியவர், அறுபத்தைந்தைத் தாண்டியவர், என்னை ஆன்ஃபீல்டுக்குக் கால்பந்து பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார். அந்தக் காலத்தில் அங்கே 'கோப்' என்ற பார்வையாளர் பக்கத்தில் எல்லோரும் நின்றுகொண்டேதான் பார்ப்பார்களாம். கோல் விழுந்தால் கால் தரையில் படாமலே பத்து இருபது படி கீழே போய்த் திரும்பி வருவார்களாம். சிரித்துக்கொண்டே சொன்னவர், ஹில்ஸ்பரோ என்ற பெயர் வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். வீட்டுக்கு வந்து, அந்த மைதானத்தில் 1989இல் நடந்த நெரிசலைப் பற்றி ஒரு காணொளி பார்த்தேன். டிக்கெட் இல்லாத ரசிகர்கள் குடித்துவிட்டுக் கதவைத் தள்ளியதால்தான் அத்தனை பேர் செத்தார்கள் என்று அதில் சொன்னார்கள். கரூர் கூட்ட நெரிசல் செய்தி வந்தபோது நம் ஆட்களுக்கு வரிசையில் நிற்கும் ஒழுக்கம் இல்லை என்று நினைத்தேன். கூட்டம் என்று வந்தால் வெள்ளைக்காரனுக்கும் ஒழுக்கம் போய்விடும் போலிருக்கிறது. இப்போது மறுபடியும் நின்று பார்க்க அனுமதித்திருக்கிறார்கள். இது சரியா? என் பதினொரு வயது மகனை அங்கே கூட்டிப் போகலாமா?

க., லிவர்பூல்

அன்புள்ள க.,

கடிதங்களுக்குப் பதில் எழுதுவதில் நான் பெரிய சோம்பேறி. உங்கள் கடிதத்துக்கு மட்டும் வந்த அன்றே உட்கார்ந்துவிட்டேன். அண்மையில் கிளாஸ்கோவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே ஐப்ராக்ஸ் மைதானத்துக்கு வெளியே ரேஞ்சர்ஸ் அணியின் பழைய தலைவர் ஜோன் கிரெய்க்கின் சிலை நிற்கிறது. அதன் பீடத்தில் இருப்பவை, அந்த மைதானத்துக்கு ஆட்டம் பார்க்க வந்து வீடு திரும்பாதவர்களின் பெயர்கள். 1902, 1961, 1971 என்று மூன்று விபத்துகள். பார்த்துவிட்டு வந்ததிலிருந்து இதுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம், அதிலும் அந்தக் 'குடித்துவிட்டுத் தள்ளினார்கள்'.

முதலில் திட்டிவிடுகிறேன். நீங்கள் இருப்பது லிவர்பூலில். 1989 ஏப்ரல் 19ஆம் தேதி, விபத்து நடந்த நான்காம் நாள், 'தி சன்' பத்திரிகை முதல் பக்கத்தில் 'உண்மை' என்று கொட்டை எழுத்தில் தலைப்புப் போட்டு, ரசிகர்கள் இறந்தவர்களின் பைகளில் திருடினார்கள் என்றும் பொலிஸார்மேல் சிறுநீர் கழித்தார்கள் என்றும் எழுதியது. அத்தனையும் பொய். 2012இல் அதே பத்திரிகை முதல் பக்கத்திலேயே மன்னிப்புக் கேட்டது. உங்கள் ஊரில் அது எடுபடவில்லை. இன்றும் பல கடைக்காரர்கள் அதை விற்க மாட்டார்கள். இந்த மூன்று வருடத்தில் ஒரு நாளாவது ஏன் என்று யாரிடமும் கேட்கத் தோன்றவில்லையா? அந்த ஊரில் இருந்துகொண்டு அந்தப் பழைய பொய்யையே எங்கோ எவனோ போட்ட காணொளியில் பார்த்து நம்பியிருக்கிறீர்கள். நல்லவேளை, பெரியவரிடம் சொல்லாமல் எனக்கு எழுதினீர்கள்.

சரி, என்ன நடந்தது? 1989 ஏப்ரல் 15, ஷெஃபீல்ட் நகரில் ஹில்ஸ்பரோ மைதானம். எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி, லிவர்பூலும் நொட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டும். லிவர்பூல் ஆட்களுக்குக் கொடுத்தது லெப்பிங்ஸ் லேன் என்ற தெருப் பக்கம். அங்கே நின்று பார்க்க 10,100 டிக்கெட். அத்தனை பேரும் உள்ளே போக ஏழே ஏழு சுழல்கதவுகள். கணக்குப் போடுங்கள். ஒரு கதவுக்கு 1,400 பேருக்கு மேல். எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் ஒரு கதவு மணிக்கு 750 பேரை விடலாம் என்பதுதான் அப்போதைய உச்சவரம்பு. இடைவெளியே இல்லாமல் சனம் வந்துகொண்டிருந்தால்கூட இரண்டு மணி நேரம் வேண்டும். இதற்குக் குடியும் வேண்டாம், ஒழுக்கக்கேடும் வேண்டாம், நாலாம் வகுப்புக் கணக்கு போதும். வாசலில் நெரிசல் முற்றியபோது, 2.52க்கு, பொலிஸ் உத்தரவில் 'சி' என்ற பெரிய கதவைத் திறந்தார்கள். சுமார் இரண்டாயிரம் பேர் உள்ளே போனார்கள். எதிரே தெரிந்தது ஒரு சுரங்கவழி. அதற்குமேல் 'நிற்குமிடம்' என்று எழுதியிருந்தது. எல்லோரும் அதற்குள் இறங்கினார்கள். நானாக இருந்தாலும் நீங்களாக இருந்தாலும் அதற்குள்தான் இறங்கியிருப்போம்.

அந்த வழி கொண்டுபோய் விட்டது மூன்றாம், நான்காம் அடைப்புகளில். ஆட்டுப்பட்டி மாதிரி இரண்டு பக்கமும் முன்னாலும் கம்பிவேலி. அந்த இரண்டு அடைப்புகளுக்கும் காகிதத்தில் போட்டிருந்த அளவு 2,200. பின்னால் நிபுணர்கள் அளந்து பார்த்தபோது அதுவே அதிகம், சுமார் 1,700தான் இருந்திருக்க வேண்டும் என்றார்கள். அன்று உள்ளே இருந்தவர்கள் 3,000க்கும் மேல். பக்கத்து அடைப்புகளில் தாராளமாக இடம் கிடந்தது.

இந்த இடத்தைத்தான் நான் விடமாட்டேன். வாசலில் எண்ணும் கருவி இருந்தது. ஆனால் அது எண்ணியது அந்தப் பக்கம் முழுவதற்கும் எத்தனை பேர் என்பதை. எந்த அடைப்புக்குள் எத்தனை பேர் என்று சொல்ல ஒரு ஆளும் இல்லை, ஒரு கருவியும் இல்லை. சனம் தானாகப் பரவிக்கொள்ளும் என்பதுதான் பொலிஸின் கொள்கை. யோசித்துப் பாருங்கள். முதலில் சனத்தை வேலி போட்டுப் பிரிக்கிறீர்கள். பிறகு, அவர்கள் தாங்களாகப் பரவிக்கொள்வார்கள் என்கிறீர்கள். வேலி எதற்கு? 1981இல் இதே பக்கத்தில், டொட்டன்ஹாமும் வுல்வ்ஸும் ஆடிய அரையிறுதியில், நெரிசலில் 38 பேர் காயப்பட்டார்கள். அதிலிருந்து கற்றுக்கொண்ட பாடம் என்ன தெரியுமா? பக்கவாட்டு வேலிகளைப் போட்டதுதான். எண்ண ஒரு ஏற்பாடு செய்யவில்லை. மைதானத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் 1979இல் கொடுத்தது. வேலி வந்த பிறகும் அதில் உள்ள எண்ணிக்கையை ஒருவரும் திருத்தவில்லை.

இன்னொன்று. பொலிஸ் கட்டுப்பாட்டு அறை அந்த மூலையிலேயேதான் இருந்தது. சன்னலுக்குக் கீழே அந்த அடைப்புகள். எண்ணத் தேவையில்லை, எட்டிப் பார்த்தாலே போதும். கதவைத் திறக்கும் முன் சுரங்கவழியை அடைத்து, சனத்தைப் பக்கங்களுக்கு அனுப்பியிருந்தால் அவ்வளவுதான் விஷயம். விசாரணை நடத்திய நீதிபதி டெய்லர் அந்த ஆகஸ்ட்டிலேயே இதை எழுதிவிட்டார். பொலிஸ் கட்டுப்பாடு தோற்றதுதான் முக்கியக் காரணம் என்றார். ஆனால் அதற்குள் பழி ஊர் சுற்றிவிட்டது. ரசிகர்கள்தான் கதவை உடைத்தார்கள் என்று அன்றைக்கே சொன்ன பொலிஸ் அதிகாரி டக்கன்ஃபீல்ட், அது பொய் என்று ஒப்புக்கொண்டது 2015இல். இறந்தவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள், ரசிகர்களின் நடத்தைக்கு அதில் பங்கில்லை என்று ஜூரர்கள் சொன்னது 2016 ஏப்ரலில். 27 வருடம். இதற்கிடையில் இறந்த பிள்ளைகளின் இரத்தத்தில் மது இருக்கிறதா என்றுகூடப் பார்த்திருந்தார்கள். இறந்தவர்களிலேயே இளையவனுக்கு வயது பத்து. மொத்தம் 97 பேர். கடைசி ஆள் அந்தக் காயங்களோடு 32 வருடம் கிடந்து 2021இல் இறந்தார். டக்கன்ஃபீல்ட்மேல் வழக்கு நடந்தது. 2019இல் விடுதலையாகிவிட்டார்.

ஐப்ராக்ஸ் கதையும் இதே மாதிரித்தான், கொஞ்சம் அழகாக இருக்கும், அவ்வளவே. 1971 ஜனவரி 2, ரேஞ்சர்ஸும் செல்டிக்கும். கடைசி நிமிடத்தில் செல்டிக் கோல் போட்டது. மனமுடைந்த ரேஞ்சர்ஸ் ஆட்கள் 13ஆம் படிக்கட்டில் இறங்கத் தொடங்கினார்கள். அப்போது ரேஞ்சர்ஸ் ஒரு கோல் போட்டுச் சமன் செய்ய, ஆரவாரம் கேட்டு அவர்கள் மறுபடி மேலே ஓடினார்கள், இறங்குபவர்களோடு மோதி 66 பேர் இறந்தார்கள் என்று உலகமே சொல்லும். நானும் நெடுங்காலம் இப்படித்தான் கேட்டு வந்தேன். விசாரணையில் தெரிந்தது வேறு. ஆட்டம் முடிந்து சில நிமிடம் கழித்துத்தான் விபத்து. எல்லோரும் ஒரே திசையில், கீழ்நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருவர் தடுக்கி விழுந்திருக்கிறார். பின்னால் வந்த பாரம் நிற்கவில்லை. அதே படிக்கட்டில் 1961இல் இருவர் இறந்திருந்தார்கள். 1967இலும் 1969இலும் பலர் காயப்பட்டிருந்தார்கள். கோல் கதை ஏன் பிடித்துப்போகிறது? அதில் குற்றவாளி ரசிகனின் ஆசை. படிக்கட்டைக் கட்டியவனையும், இருவர் செத்த பிறகும் பத்து வருடம் அதன் ஆபத்தைத் தீர்க்காமல் விட்டவனையும் யாரும் தேட வேண்டியதில்லை.

நெரிசலில் சாவது மிதிபட்டு என்று நினைக்கிறீர்கள். பெரும்பாலும் இல்லை. நின்ற நிலையிலேயே மூச்சு முட்டிச் சாகிறார்கள். நெஞ்சு விரிய இடம் இருக்காது. முன்னால் நிற்பவனுக்கு விஷயம் தெரியும், சொல்ல மூச்சிருக்காது. பின்னால் நிற்பவனுக்கு மூச்சிருக்கும், விஷயம் தெரியாது. ஒரு சதுர மீட்டரில் நாலைந்து பேர் என்றால் நிற்கலாம். இங்கிலாந்தின் விதி இன்று நின்று பார்க்குமிடத்துக்கு 4.7 பேர்தான் என்கிறது. ஏழு பேரைத் தொட்டுவிட்டால் தனித்தனி ஆள் என்பதே இல்லை, யாருடைய ஒழுக்கமும் அங்கே வேலை செய்யாது.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது புத்தகமல்ல. யாழ்ப்பாணத்தில் இருந்து லண்டன் வந்த புதிதில், எண்பதுகளின் நடுவில், ஒரு பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலை செய்தேன். கூட வேலை செய்த ஐரிஷ்காரர் ஒருவர் என்னை ஹைபரி மைதானத்துக்கு, ஆர்சனல் ஆட்டத்துக்கு, கூட்டிப் போனார். எனக்குப் பயம். அந்தக் காலத்து உதைபந்தாட்டக் கூட்டத்துக்குள் கறுத்த தோலோடு போவது சும்மா விஷயமில்லை. அவர் என்னைத் தனக்கு முன்னால் விட்டு நார்த் பேங்க் படிகளில் ஏறினார். இரும்புத் தடுப்புக் கம்பி வந்ததும் தோளைப் பிடித்து நிறுத்தி, "கம்பி உன் முதுகுக்குப் பின்னால் இருக்கவேண்டும், ஒருபோதும் நெஞ்சுக்கு முன்னால் இருக்கக்கூடாது" என்றார். ஏன் என்று கேட்டேன். "தெரியும், பொறு" என்றார்.

தெரிந்தது. கோல் விழுந்தது. எனக்கு முன்னால் இருந்த சனம் ஒரே உடம்பாகக் கீழே போனது, அதோடு நானும். என் கால்கள் எங்கே இருந்தன என்று இன்றுவரை தெரியாது. ஒரு சப்பாத்துப் போய்விட்டது. முன்பின் தெரியாத ஒரு மனிதன் என் தலையைக் கட்டிப்பிடித்து உச்சியில் முத்தமிட்டான். அந்த நாட்டில் வந்திறங்கியதிலிருந்து என்னை யாரும் தொட்டதில்லை, க. பிறகு அலை திரும்பியது. எங்களைக் கொண்டுவந்து ஏறக்குறைய அதே படியில் விட்டது. யாரோ தலைக்குமேலே என் சப்பாத்தைக் கைமாற்றிக் கைமாற்றி அனுப்பினார்கள். ஐரிஷ்காரர் சிரித்துச் சிரித்து இருமினார்.

இதனால்தான் உங்கள் பெரியவர் கோப்பைப் பற்றிச் சொல்லும்போது சிரிக்கிறார். அந்த இடத்தை அவர்கள் நேசித்தார்கள். மூத்திர நாற்றம், மழை, முன்னால் நிற்பவனின் தொப்பி, எல்லாவற்றோடும். (கோப் என்ற பெயர் தென்னாபிரிக்காவில் ஸ்பியொன் கோப் என்ற குன்றிலிருந்து வந்தது. 1900 ஜனவரியில் அங்கே நடந்த போரில் லிவர்பூல் பக்கத்துச் சிப்பாய்கள் பலர் செத்தார்கள். காயப்பட்டவர்களைத் தூக்கிவந்தவர்களில் காந்தி இருந்தார், அவருடைய படையில் நேட்டால் கூலித் தமிழர்கள் இருந்தார்கள். அடுத்த முறை ஆன்ஃபீல்டில் நிற்கும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.)

ஹைபரியில் வேலி கிடையாது. கழகம் போட மறுத்திருந்தது, அதனாலேயே எண்பதுகளின் பிற்பாதியில் அரையிறுதி ஆட்டங்கள் அங்கே போகவில்லை. ஹில்ஸ்பரோவில் வேலி இருந்தது, அரையிறுதி கிடைத்தது. அன்று தொலைக்காட்சியில் பார்த்தபோது, விளம்பரப் பலகைகளைப் பிய்த்து அதில் ஆட்களைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் எல்லாம் ரசிகர்கள். ஒழுக்கம் இல்லாதவர்கள் என்கிறீர்களே, அவர்கள்தான். ஐரிஷ்காரர் அன்று இரவு வேலைக்கு வந்தார். விடியும்வரை ஒரு வார்த்தை கதைக்கவில்லை.

வெள்ளைக்காரனின் ஒழுக்கம், நம் ஆட்களின் ஒழுக்கம் என்ற ஒப்பீட்டுக்கெல்லாம் நான் வரவில்லை. கரூரைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பேர் கத்துகிறார்கள், நானும் சேர வேண்டாம். அங்கேயும் கேட்கவேண்டியது ஒன்றுதான். அந்த இடத்துக்கு எத்தனை பேர் அளவு, எத்தனை பேர் வந்தார்கள், இரண்டையும் கையில் வைத்திருந்தவர் யார்?

உங்கள் கேள்வியை மறந்தே போனேன். நின்று பார்ப்பது சரியா என்றால், சரி. இப்போது வந்திருப்பது பழைய படிக்கட்டு இல்லை. ஒவ்வொரு இருக்கைக்கும் இடுப்பளவு கம்பி, ஒரு டிக்கெட்டுக்கு ஒரு இடம், உட்கார்ந்தாலும் நின்றாலும் எண்ணிக்கை அதேதான். செல்டிக் 2016இலேயே செய்தது. இங்கிலாந்தில் 2022 ஜனவரியில் சோதித்துப் பார்த்துவிட்டு அந்தப் பருவத்துக்குப் பிறகு அனுமதித்தார்கள். ஜெர்மனியில் டோர்ட்முண்ட் மைதானத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் சுமார் 25,000 பேர் நின்று பார்க்கிறார்கள். மகனைத் தாராளமாகக் கூட்டிப் போங்கள். டிக்கெட் கிடைப்பதுதான் கஷ்டம், அதற்கு என்னிடம் வழியில்லை.

அந்தப் பெரியவரிடம் ஹில்ஸ்பரோவைப் பற்றி நீங்களாக எதுவும் கேட்காதீர்கள். அவராகச் சொன்னால் கேளுங்கள். அதற்குப் பதிலாக, வேலை இல்லாத ஒரு நாளில் தேநீர் வாங்கிக் கொடுத்து, பழைய கோப்பில் எந்தக் கம்பிக்கு எந்தப் பக்கம் நிற்பார் என்று கேட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்கு விடமாட்டார். மகனையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.